மூன்றாவது சிங்கிள்

ஜெராக்ஸ் கடைக்குள் நுழைவதற்கு முன்பே பிரான்சிக்குத் தன் குரல் கேட்டுவிட்டது.

பானுப்ரியாவின் அம்மா மயிலம்மாள் செல்போனை மேஜை மேல் நிமிர்த்தி வைத்து, முழுச் சத்தத்தில் பாட்டைப் போட்டிருந்தார்.

"எம் பொண்ணு பாட்டுங்க. காலையில பத்து மணிக்குத்தான் வெளிய வந்துச்சு."

ஆதார் அட்டையோடு நின்றிருந்த பெரியவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பக்கமும் எடுக்கச் சொல்லுங்க."

பிரான்சி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவர்கள் குழுவில் மூன்று பேர். கல்லூரிக்குச் சேர்ந்து போன பஸ்ஸின் நினைவாகக் குழுவுக்கு 'ஒன்னாம் நம்பர்' என்று பெயர். பானு பாடுவாள். ஆசீர் கிடார் வாசிப்பான், பதிவு வேலைகளும் அவனுடையவை. பிரான்சி மெட்டுப் போடுவாள். பானு பாடும்போது பின்னால் மெல்லச் சேர்ந்துகொள்வாள்.

எட்டுப் பாட்டு கொண்ட ஆல்பம். அரியமங்கலத்தில் ஆசீரின் மாமா பட்டறைக்கு மேலே இருந்த அறையில் பதிவு செய்தார்கள். மற்ற நாள்களில் கீழே லேத் ஓடும். ஞாயிறு மட்டும்தான் ஓயும். ஆல்பத்துக்கு 'எட்டு ஞாயிறு' என்று பெயர் வைத்தார்கள். ஆனது முப்பத்தொரு ஞாயிறு.

ஒவ்வொரு பாட்டுக்கும் முதலில் பிரான்சி டிராக் பாடுவாள். வழிகாட்டுவதற்கு மட்டும். அதைக் காதில் கேட்டுக்கொண்டே பானு பாடுவாள். பானு பாடி முடித்ததும் டிராக்கை அழித்துவிடுவார்கள்.

பிரான்சிக்கு அதில் குறை இல்லை. மைக்குக்கு முன்னால் நாலு பேர் பார்க்க நின்றால் அவளுக்குப் பாட வராது. அழிந்துபோகும் என்று தெரிந்தால்தான் அவளால் நிம்மதியாகப் பாட முடியும்.

ஆல்பத்துக்கு முன்னோட்டமாகத் தனியாக வெளியிட்ட முதல் இரண்டு சிங்கிளும் அப்படித்தான் வந்தன.

இன்று மூன்றாவது. 'பாலத்து மேல'.

தில்லைநகரில் அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில், டீ நேரத்தில் காதில் மாட்டிக் கேட்டாள். முதல் வரியில் அவள் குரல். கடைசி வரியிலும் அவள் குரல். அழித்திருக்க வேண்டிய டிராக் ஊருக்கே போய்விட்டது.

ஆசீருக்கு ஐந்து முறை போன் செய்தாள். எடுக்கவில்லை. பெர்மிஷன் சொல்லிவிட்டு ஓடிவந்து ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள்.

பானு பதினொரு நாளாகவே சரியாகப் பேசுவதில்லை. கேட்டால் 'சளி' என்று ஒரு வார்த்தை மெசேஜ். ஏதோ கோபம் என்று பிரான்சி நினைத்திருந்தாள். இனி இதையும் பார்த்தால், தன் பாட்டைத் திருடிக்கொண்டதாகத்தானே நினைப்பாள்? ஆல்பம் போனால் போகட்டும். பிரான்சிக்கு இந்த ஊரில் தயங்காமல் பேச இருந்தது பானு ஒருத்திதான்.

"முன்ன வந்த ரெண்டும் ஒரு மாதிரிடி." மயிலம்மாள் மகளின் முதுகைப் பார்த்துச் சொன்னார். "இதுலதான் ஒன் கொரல் கொரலா இருக்கு."

பானு திரும்பவில்லை. மெஷின் மூடியை அழுத்தினாள். அடியில் வெளிச்சம் ஓடி முடிந்தது.

பிரான்சி மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"அது என் டிராக்குடி பானு. தப்பா ஏறிடுச்சு. சத்தியமா எனக்குத் தெரியாது. இப்பவே எடுத்துடலாம்."

"வாய மூடிட்டு இந்தப் பேப்பரப் புடி."

சூடான தாள்கள் பிரான்சியின் கைக்கு வந்தன.

"ஆசீர் போன் எடுக்கலையா? நான்தான் எடுக்காதன்னேன்."

பானு கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டாள். அம்மாவின் போனை எடுத்து, பாட்டின் விவரங்களைத் திறந்து பிரான்சியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

பாடியவர்: பிரான்சி.

பெயர்களை நிரப்பி அனுப்பினால்தான் இணையத்தில் வெளியிடுபவர்கள் பாட்டையே வாங்கிக்கொள்வார்கள். அதுவும் வெளியாகப் பத்து நாளுக்கு முன்பாவது அனுப்ப வேண்டும். பிரான்சி மனதுக்குள் நாள்களைக் கழித்துப் பார்த்தாள். பானு பேச்சைக் குறைத்ததும் அப்போதுதான்.

"நாலு ஞாயிறு தனியாப் போயி பாடிப் பாத்தேன்," என்றாள் பானு. "எனக்கு வரல. ஒனக்கு வந்திருக்கு. கேட்டிருந்தா விட்டிருப்பியா நீ?"

பிரான்சி தாள்களை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனை வாங்கிக்கொண்டாள்.

"ஒன் மூஞ்சியப் பாத்து பொய் சொல்ல வராது. அதான் பேசல."

பிறகு பானு அம்மாவைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "அம்மா, இது நான் பாடுனதில்ல. பிரான்சி பாடுனது."

மயிலம்மாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பிரான்சியை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தப் பொண்ணுக்குப் பேசவே வராதேடி!"

பெரியவர் சிரித்துவிட்டார். பானுவும் சிரித்தாள். பிரான்சிக்கு மட்டும் கண் கலங்கியது. அதை மறைக்கப் போனின் மேல் குனிந்தாள்.

அவள் பெயருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது.

சேர்ந்து பாடியவர்: பானுப்ரியா.

பிரான்சி பாட்டை நடுவிலிருந்து ஓடவிட்டு, போனைக் காதோடு வைத்துக்கொண்டாள்.

பல்லவி திரும்பி வரும் இடத்தில், அவள் குரலுக்கு அடியில், அதை எங்கேயும் தாண்டிவிடாமல், மெல்லியதாக பானு இருந்தாள்.

காலையிலிருந்து மூன்று முறை கேட்டிருந்தாள். மூன்று முறையும் தன் குரலை மட்டும்தான் கேட்டிருந்தாள்.