உல்லாசப் பயணி

சுஜீதா குடிவரவு அதிகாரியாக மாறிச் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை.

எங்கே தங்கப்போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

நீர்கொழும்பு, பிறகு பெந்தோட்டை, பிறகு ஹிக்கடுவை என்று அவளுடைய தகப்பன் சிறீஸ்கந்தராசா ஒரே மூச்சில் ஒப்புவித்தார்.

விடுமுறைக்குப் போகிற மனிதர் கொஞ்சம் சிரிக்க வேண்டும் என்று மகள் டேனிஷில் திருத்தினாள். அவர் சிரித்துக் காட்டினார். பல்வலிக்காரனின் சிரிப்பு.

அடுப்படியில் நின்ற சரோஜினிதேவிக்குக் கோபம்தான் வந்தது. பிறந்த நாட்டுக்குப் போக அவளுடைய கணவர் இந்த வயதில் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது.

வேறு வழியும் இல்லை. மே மாதம்தான் யுத்தம் முடிந்தது. சொந்தக்காரரைத் தேடி வந்தேன் என்று வாய் திறக்கிற தமிழரை விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்புகிறார்கள் என்று அவர்கள் இருக்கிற டேனிஷ் ஊரான பிரெடெரிசியா முழுக்கக் கதை. கடல் பார்க்க வந்தேன் என்றால் விடுவார்களாம். எனவே தொழிற்சாலை கோடை லீவுக்கு மூடியதும் அவர் கடல் பார்க்கப் போகிறார். நாளைக்குப் பயணம்.

தேடப்போவது சரோஜினிதேவியின் தம்பி மகேந்திரராசாவை. வன்னியில் பள்ளிக்கூட வாத்தியார், கலியாணம் கட்டாதவன். கடைசிச் சண்டையில் சனத்தோடு சனமாக முல்லைத்தீவுக் கடற்கரைப் பக்கம் போனான் என்பதுவரை தெரியும். தப்பி வந்த சனத்தையெல்லாம் வவுனியாவில் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்குள் அவனும் ஒருவனாக நிற்பான். நிற்கத்தான் வேண்டும். அவளுக்குக் கூடப்பிறந்ததென்று மிஞ்சியவன் அவன் மட்டும்தான்.

மேசையில் பயண முகவர் கொடுத்த வழிகாட்டிப் புத்தகம் விரிந்து கிடந்தது. தீவின் படத்தில் தெற்கிலும் மேற்கிலும் கடற்கரைக் குடைகள். வன்னியும் யாழ்ப்பாணமும் இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு பெரிய யானை ஒன்று நின்றது.

சிறீஸ்கந்தராசா அந்தத் தீவில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் விமானம் ஏறும்வரை கொழும்பு லொட்ஜ் ஒன்றில் பயந்து கிடந்ததைத் தவிரத் தெற்கில் கால் வைத்ததில்லை. ஆமை வரும் கரை எது, அலை அடங்கிய கரை எது என்பதையெல்லாம் டேனிஷ்காரர் எழுதி அவர் படிக்கிறார்.

முதலில் மாட்டேன் என்றுதான் நின்றார். இறங்கியதும் நேரே வவுனியாவுக்கு வான் பிடிப்பேன் என்றார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை லண்டனிலிருந்து யாரோ அழைத்தார்கள். போனோடு பல்கனிக்குப் போய் நெடுநேரம் நின்றார். உள்ளே வந்து, லைன் கட்டாகிவிட்டது என்றார். அதற்குப் பிறகு அவராகவே புத்தகத்தை எடுத்தார். மனுசனுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவள் நிம்மதிப்பட்டாள்.

வாசல் நடையில் பெட்டி திறந்திருந்தது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, வெயிலுக்குப் பூசும் கிறீம். எல்லாவற்றுக்கும் மேலே தம்பிக்கு வாங்கிய நீலச் சட்டை. மெலிந்திருப்பான் என்று ஒரு அளவு குறைத்து வாங்கியிருந்தாள்.

"கம்பிக்குள்ளாலை குடுக்க விடுவினம்தானே?" என்று நேற்றும் கேட்டாள்.

"பாப்பம்" என்றார். கொஞ்ச நாளாகத் தம்பியைப் பற்றி எதைக் கேட்டாலும் பாப்பம்தான். வாய் தவறியும் ஓம் என்று வருவதில்லை.

கடற்கரையில் என்ன செய்வீர்கள் என்று அதிகாரி கேட்டாள்.

இது சுலபமான கேள்வி. நீந்துவேன், வெயில் காய்வேன், மீன் சாப்பிடுவேன். நேற்றெல்லாம் பிழையில்லாமல் சொன்னவர்.

சிறீஸ்கந்தராசா யானை நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். படித்த ஆங்கிலமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"விடியக்காலமை இறங்கி முழுகுவன். முழுகிப்போட்டுத் திரும்பிப் பாக்காமல் வந்திடுவன்."

சுஜீதா தலையில் கைவைத்தாள். அங்கே தமிழில் பேசினால் அதோடு சரி என்று டேனிஷில் ஏசினாள். கடல் பார்க்க வந்தவர் ஏன் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும் என்றும் கேட்டாள். அவள் டென்மார்க்கில் பிறந்தவள். செத்தவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கடலிலிருந்து வரும் ஆளை அவள் கண்டதில்லை.

சரோஜினிதேவி கண்டிருக்கிறாள். அப்பாவின் சாம்பலையும் எள்ளையும் கடலில் விட்டு, முழுகி எழும்பி, திரும்பிப் பாராமல் கரையேறி வந்தவன் மகேந்திரராசாதான். அவனுக்கு அதைச் செய்யப் பிள்ளையும் இல்லை, சகோதரனும் இல்லை. மச்சான் ஒருவர்தான் மிச்சம்.

அடுப்பை அணைத்தாள். லண்டன்காரர் என்ன சொன்னார் என்று இப்போது கேட்கலாம். கேட்டால் அவர் சொல்லிவிடுவார். அதற்குப் பயந்தே கேட்கவில்லை.

முல்லைத்தீவுக் கடலுக்கு அவரை யார் விடப்போகிறார்கள். வெள்ளைக்காரர் குளிக்கிற கடலும் அதே கடல்தான்.

நடைக்குப் போய்ப் பெட்டியின் முன்னால் குந்தினாள். நீலச் சட்டையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேட்டி வைச்சனீங்களோ?" என்று அங்கிருந்தபடியே கேட்டாள்.

கடற்கரைக்கு வேட்டியோடு போனால் யார் உல்லாசப் பயணி என்று நம்புவார்கள் என்று சுஜீதா அலுத்துக்கொண்டாள்.

"ஓம்" என்றார் சிறீஸ்கந்தராசா. "அடியில கிடக்கு."