கழற்றிய கதவு

மலையூரான தேவாலாவில், இன்று குடிவந்த வீட்டின் தகரக் கூரையில் மழை இரைச்சலாகக் கொட்டுகிறது. கோயமுத்தூரிலிருந்து லாரியில் வந்த பீரோ, பழைய கதவைக் கழற்றிய பிறகுதான் வீட்டுக்குள் நுழைந்தது. இப்போது அந்தக் கதவு நிலையில் ஏற மறுக்கிறது. ஊறிப்போன மரத்தில் ஆணி பிடிக்கவில்லை. தினேஷ்குமார் கதவை வாசலில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இடைவெளி வழியாக மூடுபனி நுழைந்து, சுருட்டி வைத்த மெத்தைமேல் படிகிறது. செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி அறை அறையாக அலையும் மகள், “இங்கயும் டவர் இல்லம்மா” என்கிறாள்.

“இந்தக் காத்து கோயமுத்தூர்ல கிடைக்குமா சுகந்தி?”

“காத்து வரட்டும்னுதான் கதவக் கழட்டுனீங்களாக்கும்?”

வெளியே லாரி உறுமுகிறது. சுகந்தி சட்டென்று நிமிர்கிறாள். “ஏனுங்க, லாரிய நிக்கச் சொல்லுங்க!”

அவன் முகம் வாடிவிடுகிறது. வரமாட்டேன் என்று ஒரு மாதம் மல்லுக்கட்டியவள் அவள்.

“பாப்பாவையும் கூட்டிட்டுப் போறியா?”

“கயிறு கேக்கணுமுங்க. ராத்திரிக்கு இந்தக் கதவ எதுல கட்டுவீங்க?”

அவன் கதவை அப்படியே விட்டுவிட்டு மழையில் ஓடுகிறான். சாயப்போன கதவைப் பாய்ந்து தாங்கிய சுகந்தி, தலையில் அடித்துக்கொள்ளக்கூட ஒரு கை மிச்சமில்லாமல் நிற்கிறாள்.