விரத அடுப்பு

"கத்தரீனா! வெளியிலை வா! கந்தசட்டியும் அதுவுமா எங்கடை அடுப்பைத் தீட்டாக்கிப்போட்டியே!"

பக்கத்து வளவுக் குணலட்சுமி போட்ட சத்தத்திலை வட்டுக்கோட்டையே வேலிக்கு வந்திட்டுது. அவவின்ரை கையிலை ஒரு மீன்முள்.

கத்தரீனா கம்பஸிலை படிப்பிக்கிறவ. குருநகரிலையிருந்து இடம்பெயர்ந்து இஞ்சை வாடகைக்கு வந்தவ. ஆராய்ச்சியெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கிருமிக் கூட்டங்களைப் பற்றித்தான்.

"ஒரு கூட்டம் திண்டு மிச்சம் விட்டதை அடுத்த கூட்டம் தின்னும். கடைசிக் கூட்டம்தான் காஸ் விடும்" எண்டு விளங்கப்படுத்துவா. கேக்கிற சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டும்.

மண்ணெண்ணெய் மருந்துக்கும் கிடையாத காலம். குணலட்சுமி வீட்டு மாட்டுச் சாணி, கத்தரீனா கிருமி வளர்க்கிற காஸ் தொட்டிக்கு. தொட்டிக் காஸ் ரெண்டு வீட்டு அடுப்புக்கும். அதுதான் பேச்சு.

"கத்தரிச் செடிக்குப் போடுவமெண்டு தொட்டிக் கழிவை அள்ளினால், உள்ளுக்கை இது! நீ மீன் மச்சம் தின்னுறது உன்ரை பாடு. அதை ஏனடி தொட்டிக்குள்ளை போட்டனி?"

குணலட்சுமியின்ரை புருஷன் நமசிவாயம் அப்பதான் கோயிலாலை வந்து சைக்கிளை விட்டு இறங்கினார். நெத்தி நிறையத் திருநீறு.

"சிவ சிவா! விரதகாரன்ரை அடுப்பிலை மச்சமோ!"

கத்தரீனா முள்ளைப் பார்த்தா. அவரையும் ஒருக்காப் பார்த்தா.

"பிழை என்னிலைதான் அக்கா. மன்னியுங்கோ."

"மன்னிப்போ? இனி ஒரு பிடி சாணியும் இல்லை!"

கத்தரீனாவின்ரை முகம் செத்துப்போச்சு. "ஐயோ அக்கா, சாணி நிண்டால் கிருமியெல்லாம் பட்டினியிலை அழிஞ்சுபோம். நான் இவ்வளவு காலமும் பாடுபட்டது உந்தத் தொட்டிக்குள்ளைதான் கிடக்கு."

"அழியட்டும்!"

வேலியிலை நிண்ட சனத்துக்கும் அது நியாயமாத்தான் பட்டுது.

அடுத்தநாள் காலமை நமசிவாயம் எப்பவும்போலக் கடகம் நிறையச் சாணியோடை வந்து நிண்டார்.

"மனுசியை ஒரு மாதிரிச் சமாளிச்சுப்போட்டன், பிள்ளை. ஆர் பிழை விட்டாலும் பொறுக்கிறதுதானே சைவம்!"

"பெரிய மனசு அண்ணை."

கத்தரீனா கடகத்தை வாங்கி, வழக்கம்போலக் கையை விட்டுக் கிளறினா. பிறகு வேலிப்பக்கம் ஒருக்காப் பார்த்துப்போட்டு, குரலைத் தணிச்சா.

"உங்கடை கடகத்திலை வாற முள்ளுகளை இவ்வளவு நாளும் நான்தான் பொறுக்கி எறிஞ்சனான். ஒண்டு தப்பிப்போச்சு. இனி மாட்டுக்கொட்டிலுக்குள்ளை ஒளிச்சிருந்து பொரிச்ச மீன் சாப்பிட்டால், முள்ளை வேறை எங்கையாவது மண்ணுக்குள்ளை தாழுங்கோ அண்ணை. அதைத் தின்னுற கிருமி என்னட்டை இல்லை."