புகார் கொடுத்தவள்

தனியார் வானொலி நிலையத்தின் காலை நிகழ்ச்சி அறிவிப்பாளினி விசாரணை அறையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தலைமை அலுவலகத்து அதிகாரி அம்மா.

"மேனேஜர் உங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டாரா?"

"இல்ல மேடம்."

ஒலிப்பதிவு அறைக் கதவைச் சாத்திவிட்டு அவர் அவளுடைய இடுப்பில் கை வைத்ததெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலிருந்தது. அவளுக்கு மனசு மரத்துப்போய் மாதங்களாகிவிட்டன.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. அப்போ புகார் பொய்யா?"

"யார் குடுத்தாங்கன்னே தெரியாது மேடம்."

"கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்திருக்காங்க. வெளியிலதான் இருக்காங்க."

அதிகாரி கூப்பிட, உள்ளே வந்தவளைப் பார்த்ததும் அறிவிப்பாளினி பதறி எழுந்தாள். வந்தவள் மேனேஜரின் மனைவி.

"உக்காரும்மா. பத்து வருஷத்துக்கு முன்னாடி நானும் இங்க அறிவிப்பாளினிதான். அப்பவும் அவர் மேல விசாரணை வச்சாங்க. 'ஒண்ணும் நடக்கல'ன்னுட்டேன். அப்புறம் ஊர் வாய்க்குப் பயந்து வீட்டுல அவருக்கே கட்டி வச்சுட்டாங்க."

அவள் அறிவிப்பாளினியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தினமும் காலையில ரேடியோவுல உன் சிரிப்பைக் கேக்கறேன். நான் அன்னைக்குச் சிரிச்ச அதே சிரிப்பும்மா அது."

அறிவிப்பாளினி மெல்ல உட்கார்ந்தாள்.

"எழுதிக்கோங்க மேடம்," என்றாள்.