அரைநாள் சவாரி

"அண்ணன் படகு ஓட்டுற கடலு எந்தப் பக்கம்மா?" என்று அப்பா ஒருமுறை கேட்டபோது, எட்டாவதோடு நின்ற விண்ணரசிக்குக் கைகாட்டத் தெரியவில்லை. இப்போது நீடாமங்கலத்து வீட்டுப் பந்தலில், சவப்பெட்டியை மூடுமுன், அப்பாவின் முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து நிற்கிறாள். திரையில் அண்ணன் ரெஜின். கிரேக்கத் தீவோரம் அரைநாள் சவாரிக்குப் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்த தம்பதி அவன் பின்னால் சிரிக்கிறார்கள், பாய் படபடக்கிறது, கரை திரும்ப இன்னும் இரண்டு மணி நேரம். கடலின் நீலம் அவள் விரல்களில் விழுகிறது. "சீக்கிரம் பாத்துக்கடா, சாமியார் காத்திருக்காரு" என்கிறார் சித்தப்பா. "மூக்குல இருக்கிற பஞ்ச எடுக்கச் சொல்லு விண்ணு, அப்பாவுக்கு மூச்சு முட்டும்" என்கிறான் ரெஜின். யாரும் அசையவில்லை. அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிடுகிறார்கள். தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பாய்க்கயிற்றைப் பிடிக்கப் போகிறான்.