ஏழு நாற்பது ஒத்திகை

கையை விட்டால் மணப்பந்தல் மணப்பெண்ணின் தலையிலேயே சாயும். தௌபீக் வலது பக்கத்து மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாக நிற்கப் பார்த்தான். முட்டுக் கொடுக்க வேண்டிய மணல் மூட்டைகள் வெளியே வேனில் கிடந்தன.

அவற்றைத் தூக்கி வர வேண்டிய ஆள் சேனாபதி. அவரோ புது வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, கையில் செம்போடு, பந்தலுக்கு நடுவில் பெண்ணின் அப்பாவாக நின்றுகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவின் காப்பெல் ஊரில் எமிலிக்கும் ரையனுக்கும் கல்யாணம். 'ஏசியன் தீம்' வேண்டும் என்று கேட்டார்கள். கல்யாணம் எடுத்து நடத்தும் கலாவதி மேடம் ஜப்பான் காகித விளக்கு, சீனக் குடை, தாய்லாந்து யானை, நம்மூர் வாழைமரம் என்று எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் அடைத்துவிட்டார். அப்பா தண்ணீர் ஊற்றித் தாரை வார்க்கிற படத்தை எங்கோ பார்த்துவிட்டு, அதுவும் வேண்டும் என்றாள் எமிலி.

அவளுடைய அப்பா சனிக்கிழமைதான் வந்து இறங்குகிறார். ஒத்திகைக்கு நான் நிற்கிறேன் என்று முன்வந்தவர் சேனாபதி. வியாழக்கிழமை சாயங்காலமே வைத்துவிடலாம் என்றதும் அவர்தான்.

"சேனாபதி, ஸ்டார்ட் பண்ணுங்க. எட்டு மணிக்கு ஹால ஹேண்டோவர் பண்ணணும்."

"ஏழு நாப்பதுக்கு, மேடம்."

"இது வெறும் ரிகர்சல்ங்க!"

"ரிகர்சல்னாலும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, மேடம்."

மணி ஏழு இருபத்தெட்டு. கலாவதி பல்லைக் கடித்துக்கொண்டு தௌபீக் பக்கம் வந்தார். "இந்த ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா உங்க ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது. உன் அண்ணன்கிட்ட சொல்லி வை."

தௌபீக் மூங்கிலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அவனுடைய கிரீன் கார்டு பேப்பர் அந்த அம்மாளின் கம்பெனி பெயரில்தான் கிடந்தது. வேலை போனால் அதுவும் போச்சு.

"அண்ணே, ஊத்திட்டு வாங்கண்ணே. கை மரத்துப் போச்சு."

"பன்னெண்டு நிமிஷம், தம்பி."

"யார் வீட்டுக் கல்யாணமோ. அதுக்கு ஒத்திகை. ஒத்திகைக்கு நல்ல நேரமா? வெள்ளைக்காரிக்கு எது ராகு, எது குளிகை?"

சேனாபதி காதில் ஒரு சின்னப் பொத்தானைச் செருகினார். போனைச் சட்டைப் பையில், பாதி வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தினார். இந்த நேரத்திலும் பாட்டா என்று தௌபீக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையிலிருந்தே ஆள் சரியில்லை. மதியம் பிரியாணியைத் தொடவில்லை. காபி கொடுத்தாலும் வேண்டாம் என்றார். "எங்க நோன்பு முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு, நீங்க இப்பப் பிடிக்கிறீங்களாண்ணே?" என்று கிண்டல் அடித்ததற்கும் சிரிப்பில்லை. பதினோரு வருஷமாக ஊர்ப் பக்கமே போகாத மனுஷன். பேப்பர் கிடையாது, போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அடைந்து கிடந்து மூளை குழம்பிவிட்டதோ என்னவோ.

ஏழு முப்பத்தைந்து. மூங்கில் ஒரு சாண் நழுவியது. காகித விளக்கு ஒன்று பொத்தென்று ரையனின் தோளில் விழுந்தது. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். இந்தச் சடங்கே வேண்டாமே என்று எமிலியிடம் இங்கிலீஷில் முணுமுணுத்தான்.

"சேனாபதி!" கலாவதியின் குரல் கீச்சிட்டது. "இப்ப ஊத்துறீங்களா, வெளிய போறீங்களா?"

அவர் அசையவில்லை. எமிலியைப் பார்த்து, "ஜஸ்ட் ஃபைவ் மினிட், மா," என்றார். குரலே கும்பிட்டது. அந்தப் பெண் அவர் முகத்தில் எதைக் கண்டாளோ, ரையனின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தௌபீக் தோளையும் கொடுத்து மூங்கிலைத் தாங்கினான். ஓடவும் வழியில்லை, உட்காரவும் வழியில்லை. தன்னையும் சேர்த்து ஆணி அடித்து நிறுத்தின மாதிரி இருந்தது.

ஏழு நாற்பது. யாரோ சொல்வதைக் கேட்பது போல சேனாபதியின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ரையனை உள்ளங்கை நீட்டச் சொல்லி, அதன்மேல் எமிலியின் கையை எடுத்து வைத்தார். தண்ணீர் நூலாக இறங்கியது. அவர் கண்ணை மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. செம்பு காலியான பிறகும் கை சாய்ந்தபடியே இருந்தது.

எமிலி அழுதேவிட்டாள். "ஸோ ரியல்!" என்றாள். இதை மட்டும் விடவே கூடாது என்று ரையனும் சொன்னான்.

"பர்ஃபெக்ட்! ஞாயித்துக்கிழமையும் இதே மாதிரி!" என்று கைதட்டிக்கொண்டே கலாவதி அவர்களை வாசலுக்கு அழைத்துப் போனார்.

சேனாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். மணல் மூட்டை வந்து மூங்கிலின் காலில் உட்கார்ந்ததும்தான் தௌபீக்குக்குக் கை கிடைத்தது. உதறிக்கொண்டே கத்தினான்.

"பொழச்சோம்! ஒரு ஒத்திகைக்கு என் பொழப்பையே தொங்க விட்டீங்களே, யாருக்காகண்ணே இந்த ஏழு நாப்பது?"

சேனாபதி கையைக் காட்டி அவனிடம் பேசாதே என்றார். காதைப் பொத்திக்கொண்டு நின்றார். பிறகு தாம்பாளத்திலிருந்து ஒரு கை மஞ்சள் அரிசியை அள்ளி, ஆளில்லாத பந்தலுக்குள் வீசினார்.

"ஊர்ல வெள்ளிக்கிழமை விடிகாலை முகூர்த்தம். என் பொண்ணு கழுத்துல இப்பத்தான் தாலி ஏறுச்சு, தம்பி."