சேட்டு தொட்டிக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை

ஊறுகாய் பாட்டிலைச் சாய்த்து மீனை வலையில் வாங்கும்போது ஜெயினுலாப்தீன் இரண்டு தடவை பிஸ்மி சொன்னான். மீன் ஒரு தடவையும் துள்ளவில்லை.

அந்தத் தங்கமீனுக்குச் சேட்டு என்று பேர். தொந்தியைப் பார்த்து வைத்தது. சாயங்காலம் முனிசிபாலிட்டி குழாயில் தண்ணீர் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அது குழாய் இருக்கும் திசைக்குத் திரும்பி நின்றுவிடும். பக்கத்து வீட்டு நெல்லையப்பன் அதைப் பார்த்துத்தான் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். ஒரு நாள் குழாய் பத்து நிமிஷம் பிந்தியபோது, தப்பு குழாயின் மேல்தான் என்று தாராவியே சொன்னது.

அப்பேர்ப்பட்ட மீனுக்கு வால் அழுக ஆரம்பித்தது.

முதலில் ஓரம் பால் படிந்தாற்போல் வெளுத்தது. பிறகு நார் நாராகக் கிழிந்தது. விலாவில் சிவப்பாக ஒரு புண்.

மாட்டுங்காவில் மூன்று தொட்டி வைத்து மீன் வளர்க்கும் அனந்தநாராயணன், இது கண்ணுக்குத் தெரியாத கிருமியின் வேலை, இன்றைக்கே பிரித்து வை என்றார். இருபத்தொரு நாள். தனிப் பாத்திரம், தனி வலை. நோய்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட மற்ற நாலு மீன்கள் இருக்கும் தொட்டியில் விழக் கூடாது.

ஜெயினுலாப்தீன் அதற்கு மேலேயே செய்தான். கல்லுப்பை அளந்து கரைத்தான். கேப்ஸ்யூலைப் பிரித்து மஞ்சள் பொடியைக் கிள்ளிப் போட்டான். முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீரால் தினமும் மூன்றில் ஒரு பங்கை மாற்றினான். வலையை, கிருமி கொல்லும் லால் தவாவைக் கரைத்த ஊதாத் தண்ணீரில் முக்கி வெயிலில் காயப் போட்டான். அவன் சோப்புப் போட்டுக் கை கழுவிய கழுவில் ரேகை பூராவும் போய்விட்டது, இனி பத்திரத்தில் பெருவிரல் வைத்தால் யாருடையது என்று ஆண்டவனுக்கும் தெரியாது என்று நெல்லையப்பன் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தொட்டி இருந்தது பரணில். வீடு என்பதே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைதான். ஓரமாக ஏணி வைத்துப் பரணுக்கு ஏற வேண்டும். ஜெயினுலாப்தீன் மீன்களோடு அங்கேயே படுத்துக்கொண்டான். வேறு யாரும் அங்கே கால் வைப்பதில்லை. அண்ணன் முகம்மது ஹனீபின் உடம்புக்கும் ஏணிக்கும் நாலாம் படி வரைதான் ஒப்பந்தம் என்று கீழே சொல்லிக்கொண்டார்கள்.

இன்று இருபத்திரண்டாம் நாள். ஜும்மா தொழுதுவிட்டு வந்த ஹனீப் நாலாம் படியில் நின்றார். தலை மட்டும் பரணுக்கு மேலே தெரிந்தது. பெல்ட் பட்டறையின் தோல் வாடை அவருக்கு முன்னாலேயே ஏறி வந்திருந்தது.

அவருக்கு இதில் சம்மதமில்லை. கொண்டுபோய்ச் சாக்கடையில் விடு என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொகமாயிட்டுன்னே வச்சிக்கிடுவோம்டே. மத்த நாலுக்கும் யாரு ஜவாப்பு?"

அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"வாலு புதுசா மொளச்சிருக்கு காக்கா. நீங்களே பாருங்க."

பொய்யில்லை. கிழிந்த இடத்தில் கண்ணாடித் தாள்போல் புது வால் வந்திருந்தது. புண்ணைச் செதில் மூடியிருந்தது.

வலையைத் தண்ணீருக்குள் இறக்கிக் கவிழ்த்தான்.

நாலு மீன்களும் விலகின. நாலும் ஒரே மூலைக்கு.

சேட்டு தொட்டியின் நடுவில் நின்றது. செவுள் மட்டும் அசைந்தது. திரும்பி வருவதை மற்றவை சில சமயம் கொத்தும், கொத்திக் கிழித்தால் கிருமி மறுபடியும் ஏறும், அப்புறம் பிழைக்காது என்று அனந்தநாராயணன் எச்சரித்திருந்தார்.

ஜெயினுலாப்தீன் மூச்சு விடவில்லை. எவ்வளவு நேரம் என்று வாசலில் நின்ற நெல்லையப்பனைக் கேட்டால், அடுப்பில் வைத்த அரிசி வெந்து, வடிந்து, ஆறியும் போயிற்று என்பார்.

மூலையிலிருந்து ஒன்று வந்தது. சேட்டின் வாலருகே மூக்கைக் கொண்டுபோயிற்று. கொத்தவில்லை. இன்னொன்று வந்தது. அவன் கோதுமை மாவில் ஓர் உருண்டை பிடித்துப் போட்டான். ஐந்து வாய்களும் அந்த ஒரே உருண்டையில் போய் முட்டின.

ஹனீப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இறங்கினார்.

கீழே ஜெயினுலாப்தீனின் மனைவி ஹபீபா பாய் விரித்து, சோறும் கறியுமாகச் சஹனை வைத்தாள். அந்த வீட்டு ஆண்களுக்குத் தனித்தனித் தட்டு கிடையாது. அகலமான அந்த ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகக் கை வைத்துத்தான் சாப்பிடுவார்கள். நாலு பேருக்கான சஹன். ஹனீபும் கல்யாண வயதில் இருந்த அவருடைய இரண்டு மகன்களும் உட்கார்ந்தார்கள்.

ஹபீபா வழக்கம்போல நீல எனாமல் தட்டில் தனியாகச் சோறு போட்டு எடுத்துக்கொண்டு, படியில் நின்றே கணவனுக்கு நீட்ட ஏணிக்கு வந்தாள்.

ஜெயினுலாப்தீன் காசநோய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. அங்கே பதினாலு மாதம். தொண்ணூறு ஊசி. சளியில் கிருமி இல்லை, இனி எல்லாரோடும் உண்ணலாம், உறங்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை ஹனீப் இரண்டு தடவை படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

ஹபீபா முதல் படியில் கால் வைத்தாள்.

ஹனீப் நிமிரவில்லை. கறியில் நல்ல துண்டாக ஒன்றைப் பிய்த்து, சஹனில் ஆளில்லாத பக்கத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு கையைச் சோற்றில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.